ஆடும் பல்லுக்கும் ஆயுள் உண்டு

"அம்மாவுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியிருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் அல்லவா, டாக்டர்?"

பல் மருத்துவப் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் மகனோ மகளோதான். அக்கறையினால்தான் கேட்கிறார்கள். தலை நரைப்பதைப் போல, பார்வை மங்குவதைப் போல, பல் விழுவதும் முதுமையின் இயல்பு என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியின் பின்னே இருக்கிறது. விழப்போகும் பல்லுக்காகப் பணமும் நேரமும் செலவிடுவானேன் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

கடந்த அறுபது ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் நடைபெற்ற மருத்துவ ஆராய்ச்சிகள் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. பற்களை விழச் செய்வது முதுமை அன்று, நோய்தான் என்பதே அவற்றின் முடிவு. அந்த நோயைத் தடுக்க முடியும். வந்தபின் நிறுத்தவும் முடியும். ஆட்டம் கண்ட பற்களிற் பலவற்றைக் காப்பாற்றவும் முடியும். பல்லை எடுக்கும் முடிவுக்கு வருமுன் நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பல் எப்படி நிற்கிறது?

பல்லானது எலும்பில் நேரடியாக ஆணிபோல் அறையப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே முடியைவிட மெல்லிய எண்ணற்ற நார்கள் உள்ளன. இந்நார்களே பல்லைத் தொட்டில் போலத் தாங்குகின்றன. கடிக்கும் அழுத்தத்தை எலும்புக்குப் பகிர்ந்தளிப்பவையும், சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் உடனே உணர்த்துபவையும் அவையே. இந்த அமைப்பின் வாயிலைச் சுற்றி ஈறு ஒரு காப்பாக அமைந்திருக்கிறது.

நாம் உண்ட பிறகு பற்களின் மீது நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. நாவால் தடவினால் வழவழப்பாகத் தெரியும் இப்படலத்தை நாள்தோறும் அகற்றாவிட்டால், ஈற்றின் விளிம்பில் அழற்சி உண்டாகிறது. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். இதுவே நோயின் முதற்படி. படலம் நாளடைவில் உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்துடன் சேர்ந்து இறுகி, காரையாக மாறுகிறது. அழற்சி நீடிக்கும்போது சிலரிடம் அது ஈற்றுக்குக் கீழே இறங்கி, நார்களை அறுத்து, எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது. வேரைத் தாங்கும் எலும்பு குறையக் குறையப் பல் ஆடுகிறது. பெரும்பாலும் வலியே இல்லாமல் இவ்வளவும் நடந்துவிடுவதால், பல் ஆடத் தொடங்கிய பிறகே நோயாளிகள் மருத்துவரை நாடுகிறார்கள்.

நுண்ணுயிர்ப் படலமே ஈறு அழற்சிக்குக் காரணம் என்பதை 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்டு லோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நிறுவினர். ஈறு நலமாக இருந்த 12 பேர், பல் துலக்குவதைத் தாமே முன்வந்து நிறுத்திக்கொண்டனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. இன்று எளிமையாகத் தோன்றும் இந்தச் சோதனை, இரண்டு உண்மைகளை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ஈற்றில் இரத்தம் கசிவது நோயின் அறிகுறி. தொடக்க நிலையில் அது முழுமையாகக் குணமாகக் கூடியது.

தேயிலை மலைகளில் ஓர் ஆய்வு

அழற்சியைக் கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகளில் என்ன நேரும் என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை இலங்கையின் மலையகத்திலிருந்து கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து சென்ற தொழிலாளர்களின் வழித்தோன்றல்களே அம்மலைத் தோட்டங்களின் உழைப்பாளர்களில் பெரும்பான்மையினர் என்பதால், இந்த ஆய்வு தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதன்று.

1970இல் லோவும் அவருடைய குழுவினரும் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தனர். அத்தொழிலாளர்களுக்குப் பல் மருத்துவ வசதி எதுவும் எட்டியிருக்கவில்லை. பிரஷால் பல் துலக்கும் வழக்கமும் இல்லை. ஆனால் சொத்தைப் பல் அவர்களிடம் மிக அரிதாகவே இருந்தது. ஆகவே ஈறுநோய் தன் இயல்பில் எப்படி வளர்கிறது என்பதைத் தெளிவாகக் காண முடிந்தது. 1985 வரை அதே மனிதர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர்.

ஏறத்தாழ எல்லாருடைய பற்களிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. எல்லாருடைய ஈறுகளிலும் அழற்சி இருந்தது. ஆயினும் விளைவு ஒன்றுபோல் அமையவில்லை. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக விரைவாக முன்னேறியது. 35 வயதிலேயே அவர்களுடைய பற்கள் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தன. அதாவது வேரின் பாதிக்கும் மேல். 45 வயதை எட்டும்போது அவர்கள் எல்லாப் பற்களையும் இழந்துவிட்டனர். 81 விழுக்காட்டினருக்கு நோய் மிதமான வேகத்தில் வளர்ந்தது. 35 வயதில் அவர்கள் இழந்த பிடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு, அதே அளவு அழுக்கு படிந்திருந்தும், நோய் ஈற்றின் விளிம்பைத் தாண்டவே இல்லை.

ஒரே மலை, ஒரே உழைப்பு, ஏறத்தாழ ஒரே உணவு. இருப்பினும் ஒருவர் நாற்பத்தைந்தில் பொக்கை வாயராகிறார். அவருடன் பணிபுரிந்த மற்றொருவர் எல்லாப் பற்களுடனும் இருக்கிறார். பல் விழக் காரணம் வயது என்றால் இருவருக்கும் ஒன்றாகவே விழுந்திருக்க வேண்டும். நோய்க்கு உடல் காட்டும் எதிர்வினை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம். ஆகவே, "என் அண்ணன் பல்லே துலக்குவதில்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை ஈற்றின் ஆழத்தை அளந்து பார்த்தால்தான் அறிய முடியும். மெல்லிய அளவுக்கருவி ஒன்றால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளக்கும் இந்தப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

2010இல் அத்தொழிலாளர்களுள் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். 30 வயதில் பிடிப்பின் இழப்புக் குறைவாக இருந்தவர்களே 60 வயதில் 20 பற்களேனும் எஞ்சியவர்களாக இருந்தனர். முதுமையில் நம் வாய் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் இளமையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பெற்றோரைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் முப்பது வயதுப் பிள்ளைகள் தங்கள் ஈறுகளையும் அன்றே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சிகிச்சை உண்டென்று தெரிந்த ஒரு நோயைத் தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டு மட்டும் இருப்பதற்கு இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இடம் தரமாட்டா. உலகெங்கும் பல் மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கும் இந்த அறிவு, மருத்துவ வசதி கிட்டாத உழைப்பாளிகளின் வாயிலிருந்து நமக்குக் கிடைத்தது. அவர்கள் இழந்த பற்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அந்த அறிவை நம் இல்லங்களில் பயன்படுத்துவதே.

முப்பது ஆண்டுகளில் ஒரு பல்

நோயை நிறுத்த முடியும் என்பதை ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் நடைபெற்ற நீண்ட ஆய்வு காட்டியது. பெர் ஆக்செல்சன், யான் லிண்டே ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் அதனைத் தொடங்கினர். 375 பேருக்குச் சரியாகப் பல் துலக்கும் முறையும் பல்லிடுக்குகளைத் தூய்மை செய்யும் முறையும் கற்பிக்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகள் இரு மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த நான்கு ஆண்டுகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் அவரவர் தேவைக்கு ஏற்பவும் மருத்துவமனையில் பற்கள் சுத்தம் செய்யப்பட்டன. வழக்கமான பல் சிகிச்சை மட்டும் பெற்ற 180 பேர் ஒப்பீட்டுக்காகக் கவனிக்கப்பட்டனர். ஆறு ஆண்டுகளிலேயே இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஒப்பீடு அத்துடன் நிறுத்தப்பட்டது.

முதற்பிரிவினர் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். இளையவர்கள் அந்த முப்பது ஆண்டுகளில் சராசரியாக இழந்தவை 0.4 பல். ஆய்வின் தொடக்கத்திலேயே ஐம்பது வயதைத் தாண்டியிருந்தவர்கள் இழந்தவை சராசரியாக 1.8 பல். அவற்றுள்ளும் பெரும்பாலானவை வேர் முறிவினால் எடுக்கப்பட்டவை. ஐம்பது வயதில் தொடங்கி எண்பதை எட்டிய ஒருவர் இரண்டு பற்களுக்கும் குறைவாகவே இழந்திருக்கிறார் என்றால், முதுமைக்கும் பல் இழப்புக்கும் நாம் போட்டு வைத்திருக்கும் முடிச்சு எவ்வளவு தளர்வானது என்பது விளங்கும். இந்த ஆய்வில் வியத்தகு மருந்தோ கருவியோ கிடையாது. பிரஷ், பல்லிடுக்குச் சுத்தம், தவறாத மருத்துவமனை வருகை ஆகிய மூன்றே அதன் சிகிச்சை.

நம்மிடையே பரவலாக உள்ள ஓர் அச்சத்தையும் இங்கே தீர்க்க வேண்டும். "பல் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், இடைவெளி விழுந்துவிடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலும்பு கரைந்த இடத்தை நாளடைவில் காரை அடைத்துக்கொள்கிறது. அதை அகற்றும்போது, ஏற்கெனவே உண்டாகியிருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதாலும் இடைவெளி கூடுதலாகத் தோன்றும். வேர் சற்று வெளிப்படுவதால் சில நாட்கள் பல் கூச்சம் இருக்கலாம். காரை, சுவரின் விரிசலில் அடைந்த சேறு போன்றது. விரிசலை உண்டாக்கியது அதைக் கழுவிய தண்ணீர் அன்று.

எடுப்பதா, காப்பதா?

ஏற்கெனவே நன்றாக ஆடத் தொடங்கிவிட்ட பல்லுக்கு வழி உண்டா? இத்தாலியில் பியர்பவுலோ கொர்த்தெல்லினி, மவுரிசியோ தொனெத்தி ஆகியோரின் குழு இதனை நேரடியாகச் சோதித்தது. வேரின் நுனி வரையில் எலும்புப் பிடிப்பை இழந்துவிட்ட, எடுத்தே தீர வேண்டும் என்று கருதத்தக்க பல்லை உடைய 50 பேர் அதில் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் 25 பேருக்கு, இழந்த எலும்பையும் நார்களையும் மீண்டும் வளரச் செய்யும் நுண் அறுவை சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்ற 25 பேருக்குப் பல் எடுக்கப்பட்டு, இம்பிளாண்ட் அல்லது நிலையான செயற்கைப் பல் பொருத்தப்பட்டது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், காக்கப்பட்ட 25 பற்களுள் 23 தம் பணியைச் செய்துகொண்டிருந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 88 விழுக்காடு நிலைத்திருந்தன. பொருத்தப்பட்ட செயற்கைப் பற்கள் அனைத்துமே நிலைத்திருந்தன. ஆயினும் மொத்தச் செலவு பல்லைக் காத்த பிரிவிலேயே குறைவாக இருந்தது. இந்த முடிவை அளவறிந்து புரிந்துகொள்ள வேண்டும். தேர்ந்த மருத்துவர்கள், கவனமாகத் தெரிவு செய்யப்பட்ட நோயாளிகள், தவறாத தொடர் பராமரிப்பு ஆகியவை அமைந்த சூழலில் கிடைத்த வெற்றி அது. எல்லாப் பற்களுக்கும் இச்சிகிச்சை பொருந்தாது. எனினும், "இனி இதனால் பயனில்லை" என்று கைவிடும் எல்லை நாம் நினைப்பதைவிட வெகு தொலைவில் இருக்கிறது என்பதை அது மெய்ப்பித்தது.

பல்லை எடுப்பதற்கும் விலை உண்டு. வேர் இல்லாத இடத்தில் தாடை எலும்பு ஆண்டுதோறும் சுருங்கும். முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் கவனித்த அன்ட்யே டால்கிரென் என்பவரின் ஆய்வு 1972இல் வெளிவந்தது. மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு எலும்பைக் கீழ்த்தாடை இழக்கிறது என அது காட்டியது. கீழ்ப் பல்செட் காலப்போக்கில் தளர்ந்து, பேசும்போதும் உண்ணும்போதும் எழும்பி வருவது இதனால்தான். கடைவாயில் இரண்டு பற்களேனும் எஞ்சியிருந்தால், பல்செட்டுக்கு அவை நங்கூரமாகும்.

பல்லை எடுப்பதே சரியான முடிவாகும் நேரங்களும் உள்ளன. வேர் நெடுக்காகப் பிளந்த பல், சிகிச்சை அளித்தும் மீண்டும் மீண்டும் சீழ் கட்டும் பல், தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குமுன் காப்பாற்ற இயலாதெனக் கண்டறியப்பட்ட பல் ஆகியவற்றை வைத்திருப்பது தீங்கு. கதிர்வீச்சுக்குப் பின் தாடை எலும்பின் ஆறும் திறன் குறைந்துவிடுவதால், அச்சிகிச்சை பெறவிருப்போர் முன்கூட்டியே பல் மருத்துவரைச் சந்திப்பது இன்றியமையாதது.

சர்க்கரையும் ஈறும்

நீரிழிவு நோயாளிகள் இப்பகுதியைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் ஈறுநோய் விரைந்து முற்றும். ஈற்றில் நீடிக்கும் அழற்சியோ, இன்சுலின் செயற்படுவதைத் தடை செய்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் உறவு இது.

ஈறுநோய்க்குச் சிகிச்சை அளித்தால் சர்க்கரை குறையுமா என்பதைப் பல ஆய்வுகள் சோதித்திருக்கின்றன. அவற்றுள் சில பயனைக் காட்டின. அமெரிக்காவில் நடைபெற்ற ஒரு பெரிய ஆய்வு பயன் எதையும் காணவில்லை. 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீடு, ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு 0.43 விழுக்காட்டுப் புள்ளிகளும், ஓராண்டில் 0.50 புள்ளிகளும் குறைந்ததாகக் கணித்தது. மருந்துக்கு மாற்றாக இதனைக் கொள்ளக் கூடாது. மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் செய்யும் பணிக்கு ஈறு சிகிச்சை துணைநிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு வரும் நோயாளிகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதே பயணத்தில் ஈறுகளையும் காட்டிச் செல்லலாம்.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புகையிலை ஈற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே நோய் முற்றிக்கொண்டிருந்தும் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். சிகிச்சை பெற்றாலும் புண் ஆறுவது தாமதமாகும். வெற்றிலையுடன் பாக்கும் புகையிலையும் மெல்வோருக்கு வாய்ப்புற்றுநோய் ஏற்படும் ஆபத்தும், வாய் திறக்க இயலாமல் இறுகிப்போகும் ஆபத்தும் உண்டு.

சில மருந்துகளும் ஈற்றைப் பாதிக்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிடாயின் ஆகியவற்றை உட்கொள்ளும் சிலருக்கு ஈறு தடித்துப் பற்களின் மீது ஏறும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்தைத் தந்த மருத்துவரிடம் தெரிவித்தால் தக்க மாற்று வழியை அவர் கூறுவார்.

இழந்த பின் மீட்பது

ஏற்கெனவே பற்களை இழந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முதலில், எத்தனை பற்கள் தேவை என்பதை அறிந்துகொள்வது நல்லது. நெதர்லாந்தின் நைமேகன் நகரைச் சேர்ந்த கைசர் என்பவர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, முன்பற்களும் அவற்றை அடுத்த சில பற்களுமாக ஏறத்தாழ 20 பற்கள் மேலும் கீழும் பொருந்தி இருந்தாலே பெரும்பாலோருக்கு மெல்லும் திறன் போதுமானதாக இருக்கிறது என்று காட்டியது. கடைசிக் கடைவாய்ப் பல் போன எல்லா இடங்களையும் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதில்லை. உண்பதற்கும் பேசுவதற்கும் இடையூறு உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஜப்பான் 1989இல், 80 வயதில் 20 பற்கள் என்னும் குறிக்கோளுடன் ஒரு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது அந்த நிலையில் இருந்த முதியோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அது பாதியைத் தாண்டிவிட்டது. ஒரே தலைமுறையில் மனித உடல் மாறிவிடவில்லை. பழக்கங்களும் பராமரிப்பும் மாறின.

செயற்கைப் பற்களின் வரலாற்றில் பெரிய திருப்பத்தை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் உண்டாக்கினார். 1950களில் முயல்களின் எலும்பில் டைட்டானியம் உலோகத்தைப் பொருத்தி ஆராய்ந்தபோது, எலும்பு அவ்வுலோகத்துடன் பிரிக்க இயலாதபடி இணைந்துவிடுவதைக் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானிய வேர்களைத் தாடையில் பொருத்தினார். இன்று நாம் இம்பிளாண்ட் என்று அழைக்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. கீழ்த்தாடையில் பற்களே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளாண்டுகளின் மீது பொருத்தப்படும் பல்செட்டே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். முழு வாய்க்கும் இம்பிளாண்ட் வைக்கும் செலவின்றி, தளர்ந்த பல்செட்டை நிலைநிறுத்தும் வழி இது.

ஆனால் இம்பிளாண்ட் இயற்கைப் பல்லுக்கு நிகராகாது. அதனைச் சுற்றி நார்கள் இல்லை; அதன் ஈற்றிலும் அழற்சி தோன்றி எலும்பு கரையக்கூடும். ஈறுநோயால் பல்லை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். நோயைக் கட்டுப்படுத்தாமல் இம்பிளாண்ட் வைப்பது, கரையான் அரித்த தூணை எடுத்துவிட்டு, புற்றை அகற்றாமலே புதிய தூணை நடுவதற்கு ஒப்பாகும்.

பராமரிப்பவர்களுக்கு

படுக்கையில் இருக்கும் முதியவரைப் பராமரிப்பவர்கள், உணவு, மருந்து, குளியல் ஆகியவற்றில் காட்டும் கவனத்தை வாய்த்தூய்மையிலும் காட்ட வேண்டும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடைபெற்ற ஆய்வில், பராமரிப்பவர்கள் நாள்தோறும் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களுள் 11 விழுக்காட்டினருக்கு நுரையீரல் அழற்சி ஏற்பட்டது; அத்தகைய கவனிப்புப் பெறாதவர்களிடம் அது 19 விழுக்காடாக இருந்தது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உமிழ்நீருடன் மூச்சுக்குழாயில் இறங்குவதே இதற்குக் காரணம். 2015இல் வெளிவந்த மற்றொரு ஜப்பானிய ஆய்வு, இரவில் பல்செட்டை அணிந்தபடியே உறங்கும் மிக முதியவர்களுக்கு நுரையீரல் அழற்சி ஏற்படும் வாய்ப்பு இருமடங்கிற்கும் மேல் என்று கண்டது.

எனவே பல்செட்டை இரவில் கழற்றி, மென்மையான பிரஷால் துலக்கி, தண்ணீரில் இட்டு வையுங்கள். வெந்நீரில் இட்டால் அது வளைந்துவிடும். நோயாளியைச் சாய்வாக உட்காரவைத்தோ ஒருக்களித்துப் படுக்கவைத்தோ பல் துலக்கிவிடுங்கள். மல்லாந்த நிலையில் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். பற்களே இல்லாதவருக்கும் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை ஈரமான மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். முதியவர் திடீரென உணவை மறுத்தால், பசியின்மை என்று முடிவு செய்யுமுன் வாயைத் திறந்து பாருங்கள். ஆடும் பல்லோ, அழுத்தும் பல்செட்டோ, புண்ணோ காரணமாக இருக்கலாம்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

காலையும் இரவும் இரண்டு நிமிடங்கள் மென்மையான பிரஷால், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் கவனம் வைத்துத் துலக்க வேண்டும். இரவுத் துலக்கலே கூடுதல் முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் நுண்ணுயிர்கள் தடையின்றிப் பெருகும். பல்லிடுக்குகளை அதற்குரிய சிறு பிரஷாலோ நூலாலோ நாளுக்கு ஒருமுறை தூய்மை செய்யுங்கள். இரத்தம் கசிகிறதே என்று அஞ்சி அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடாதீர்கள். அந்த இடத்துக்கே துலக்கல் மிகத் தேவை. ஒரு வாரம் முறையாகத் துலக்கியும் கசிவு நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் நாற்றம், பற்களுக்கு இடையே புதிதாக விழும் இடைவெளி, கடிக்கும்போது பல் இடம் மாறியதுபோன்ற உணர்வு ஆகியவையும் காட்ட வேண்டிய அறிகுறிகளே.

பல் மருத்துவரிடம் வரும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மாத்திரைகள், எலும்புத் தேய்வுக்கான ஊசிகள், இதய வால்வு அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பற்றிக் கட்டாயம் தெரிவியுங்கள். பல் எடுப்பதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல்லை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினால், மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா? காப்பாற்றினால் எவ்வளவு காலம் நிற்கும் என எதிர்பார்க்கலாம்? எடுத்தால் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டியிருக்கும், அதற்கு என்ன செலவாகும்? இந்தக் கேள்விகள் எந்த மருத்துவரையும் புண்படுத்தா. அவற்றுக்கான விடைகள் கைக்கு வந்த பின் நீங்கள் எடுக்கும் முடிவு, காப்பதாயினும் எடுப்பதாயினும், அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவரை எந்த மருத்துவச் சோதனைக்கு அழைத்துவந்தாலும், பல் மருத்துவப் பிரிவுக்கும் அழைத்துவந்து ஈறுகளை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் ஈறுகளையும் அன்றே அளந்துகொள்ளுங்கள்.